வல்லூறுக்கு எக்ஸ்ரே: எடுக்கும் முறையும் படிக்கும் முறையும்

பழக்கிய வல்லூறு சில நாளாகச் சோர்ந்திருக்கிறது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். சில வாரம் கழித்து அதே பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி திரும்பி வருகிறது, அல்லது வருவதே இல்லை. "இத்தனை சின்ன உயிர் எக்ஸ்ரேயைத் தாங்குமா" என்ற பயத்தில் படமே எடுக்காமல் நாளைக் கடத்துபவர்களும் உண்டு. எக்ஸ்ரே எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது தெரியாததால்தான் இரண்டும் நடக்கின்றன.

வளைகுடா நாடுகளில் இது அன்றாட விஷயம். பொரி வல்லூறு (அரபு மொழியில் ஷாஹீன்), சேக்கர் வல்லூறு (ஹுர்), ஜிர் வல்லூறு, இவற்றின் கலப்பினங்கள் என்று வல்லூறு வளர்ப்பு அங்கே பெரிய மரபு. 2010-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1999-இல் திறக்கப்பட்ட அபுதாபி வல்லூறு மருத்துவமனை போன்ற இடங்களில் பறவையை எடை போடுவதுபோலவே படம் எடுப்பதும் வழக்கமான வேலை. இந்தியாவில் வல்லூறை வைத்து வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதனால் இங்கே எக்ஸ்ரே மேசைக்கு வருபவை பெரும்பாலும் உயிரியல் பூங்காக் கழுகுகளும், மீட்பு மையங்களில் இருக்கும் பருந்துகளும் ஆந்தைகளும். இனம் எதுவானாலும் படம் எடுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

பறவை உடம்பும் ஐந்து நிழல்களும்

எக்ஸ்ரே படம் என்பது நிழல். கதிர் எவ்வளவு ஊடுருவிப் போகிறதோ அந்த அளவுக்கு அந்த இடம் கறுப்பாகும். காற்று கறுப்பு. கொழுப்பு கருஞ்சாம்பல். தசை, ஈரல், இதயம், ரத்தம், சீழ் எல்லாம் ஒரே வெளிர்சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் பளிச்சென்ற வெள்ளை. சாதாரண எக்ஸ்ரேக்குத் தெரிந்த நிறங்கள் இந்த ஐந்தே. ஈரலும் அதை ஒட்டியிருக்கும் நீரும் ஒரே நிறமாக விழும் என்பதால் இவை இரண்டையும் படத்தில் பிரித்தறிய முடியாது.

பறவைக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அதன் நுரையீரல் சிறியது, விரிந்து சுருங்காதது. அதோடு சேர்ந்து கழுத்தடியிலிருந்து வயிற்றின் கடைசிவரை மெல்லிய சவ்வாலான காற்றுப்பைகள் இருக்கின்றன. பெரும்பாலான பறவைகளில் இவை ஒன்பது. இந்தக் கறுப்புக் காற்றுக்கு நடுவே இதயம், ஈரல், இரைப்பை, சிறுநீரகம் ஆகியவை தனித்தனியாக எடுப்பாகத் தெரியும். நாய்க்கும் பூனைக்கும் வயிற்றுப் படத்தில் கிடைக்காத தெளிவு இது.

கோழிக்கும் வல்லூறுக்கும் உள்ள வேறுபாட்டையும் மனதில் வைக்க வேண்டும். கோழியின் அரைவைப்பை தடித்த தசை. அதற்குள் கல் இருப்பது இயல்பு. வல்லூறின் இரைப்பை மெல்லிய பை, அமிலம் மிகுந்தது. எலும்பைக்கூடக் கரைக்கும். கரையாத இறகையும் முடியையும் உருண்டையாக்கி, பெரும்பாலும் மறுநாள் காலையில் கக்கிவிடும். ஆகவே வல்லூறின் இரைப்பையில் உலோக வெண்மையில் ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அது கோழிக்கல் மாதிரி என்று விட்டுவிடக் கூடாது. ஏன் என்பது பின்னால் ஈயம் பற்றிய பகுதியில் வருகிறது.

மேசைக்கு வரும் முன்

1. தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். கழுத்தடியைத் தடவிப் பார்த்தாலே தெரியும். (ஆந்தைக்குத் தீனிப்பை கிடையாது. அதற்குக் கடைசி உணவு நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.) முந்தின மாலையோடு உணவை நிறுத்துவது பொதுவான வழக்கம்.

2. கடைசியாகத் தின்றதில் இறகோ முடியோ இருந்திருந்தால், உருண்டையைக் கக்கிவிட்டதா என்று கேட்க வேண்டும். கக்காத பறவையை மயக்கினால் அது பாதி மயக்கத்தில் கக்கும். அது மூச்சுக்குழலில் இறங்கினால் அதோடு முடிந்தது. வயிறு நிறைந்திருந்தால் படமும் கெடும். பெருத்த இரைப்பை இடப்பக்கக் காற்றுப்பையை அமுக்கி, நோய் இருப்பதுபோல் காட்டும்.

3. அன்றைய எடையைக் கிராமில் குறிக்க வேண்டும். வல்லூறு வளர்ப்பவர்களிடம் தினசரி எடைக் குறிப்பு இருக்கும். அதையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

4. வால் இறகுகளுக்குத் தாள் உறை போட வேண்டும். வேட்டைப் பறவைக்கு இறகு ஒடிந்தால் அடுத்த இறகுதிர்வுவரை பறப்பில் குறை. பழைய எக்ஸ்ரே பிலிமையே வெட்டி வாலுறை செய்யும் வழக்கம் மீட்பு மையங்களில் உண்டு.

மயக்கம் தேவையா என்பது அடிக்கடி வரும் கேள்வி. என் பதில் தெளிவானது: நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் படத்துக்கு மயக்கம் தேவை. விழித்திருக்கும் பறவையைக் கையால் அழுத்திப் பிடித்தால் மூன்று கேடு. அது துடித்துப் படம் மங்கும். விரிசல் விட்ட எலும்பு முழுவதும் முறியும். பிடிப்பவரின் கை கதிரில் படும். இன்னொன்றும் உண்டு. பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் அது மூச்சு விட முடியும். மார்பை அமுக்கிப் பிடிப்பது கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.

வழக்கமான முறை ஐசோஃப்ளூரேன் வாயு. முகமூடி வழியாக 3 முதல் 5 சதவீதத்தில் தொடங்கி, தூங்கியபின் 1.5 முதல் 3 சதவீதத்துக்குக் குறைப்பார்கள். வாயுவை நிறுத்திய சில நிமிடங்களில் விழித்துவிடும். மூச்சுக்குழலில் குழாய் செருக வேண்டியிருந்தால் காற்றால் உப்பும் பட்டை இல்லாத குழாய்தான். பறவையின் மூச்சுக்குழல் வளையங்கள் முழு வட்டமானவை, உள்ளிருந்து அழுத்தினால் விரிந்து கொடுக்காது. உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் உள்ள உயிர் என்பதால் மயக்கத்தில் வேகமாகக் குளிரும். அடியில் வெதுவெதுப்பு வேண்டும். கதிரைப் பொறுத்தவரை, நோயறிய எடுக்கும் இரண்டு மூன்று படங்களால் பறவைக்குக் கெடுதல் இல்லை. ஆபத்து எதிலாவது இருந்தால் அது பிடிப்பதிலும் மயக்கத்திலும்தான்.

படுக்கவைப்பது: பாதிப் பிழை இங்கேதான்

முழு உடம்புக்கு இரண்டு படங்கள்: மல்லாக்க ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒன்றோடு நிறுத்தினால் பாதி விஷயம் போய்விடும்.

மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு இறக்கைகளையும் ஒரே அளவு விரித்து, மணிக்கட்டுப் பக்கம் தாள் டேப்பால் ஒட்ட வேண்டும். கால்களைப் பின்னோக்கி இழுத்து, ஒன்றுக்கொன்று இணையாக ஒட்ட வேண்டும். பிறகு மார்பெலும்பின் நடுமுகட்டை விரலால் தடவிப் பார்த்து, அது முதுகெலும்புக்கு நேர் மேலே வரும்படி உடம்பைத் திருத்த வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அவசரத்தில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

விடுபட்டால் என்ன ஆகும்? உடம்பு சில டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். படத்தில் மார்பு முகடும் முதுகெலும்பும் இரண்டு கோடுகளாகப் பிரியும். ஒரு பக்கக் காற்றுப்பை அகலமாகவும் மறுபக்கத்தது ஒடுங்கியும் தெரியும். ஒடுங்கிய பக்கம் வெளுத்திருக்கும். காற்றுப்பையில் வரும் பூஞ்சை நோய்க்கு முக்கியமான அடையாளமே இடம்-வலம் சமமின்மைதான். ஆக, நோயே இல்லாத பறவைக்கு மாதக்கணக்கில் மருந்து எழுதிக் கொடுக்க ஒரு சாய்வு போதும். தலைகீழாகவும் நடக்கும். உண்மையான சமமின்மையை "படம் சாய்ந்திருக்கிறது" என்று தள்ளிவிடுவார்கள். எனவே எந்த மல்லாந்த படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நோயை அல்ல, முகடும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை. இல்லையென்றால் அந்தப் படத்தை வைத்துக் காற்றுப்பையைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. மறுபடி எடுக்க வேண்டும்.

பக்கவாட்டுப் படத்துக்கு வலப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, இறக்கைகளை முதுகுக்கு மேலே தூக்கி, கால்களைப் பின்னால் இழுத்து ஒட்டுவார்கள். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் சிறு பஞ்சுத் துண்டு வைத்தால் உடம்பு உருளாது. இதற்கான சோதனை: இரண்டு தோள்மூட்டுகளும், இரண்டு இடுப்புமூட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்க வேண்டும்.

டேப்பை எடுக்கும்போது இறகு வளரும் திசையில் மெதுவாக உரிக்க வேண்டும். நனைந்த இறகு படத்தில் கோடு கோடாக விழும் என்பதால் பறவையை ஈரமாக்கக் கூடாது. வலது, இடது அடையாள எழுத்தை மேசையில் வைத்தே படம் எடுக்க வேண்டும். கணினியில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, தவறான காலைத் திறக்கும் ஆபத்தை யாரும் வரவழைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இயந்திர அமைப்பு

சுமார் 1 கிலோ எடையுள்ள வல்லூறுக்கு 50 முதல் 60 கிலோவோல்ட்டும் 3 முதல் 5 மில்லியாம்பியர்-நொடியும் தொடங்குவதற்கு நல்ல அளவுகள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இது மாறும். கதிர்க்குழாய்க்கும் படத்தட்டுக்கும் இடையே 100 செ.மீ. உடம்பின் தடிப்பு 10 செ.மீ.க்குக் குறைவு என்பதால் சிதறும் கதிரை வடிகட்டும் தட்டு (கிரிட்) வேண்டாம். நேரம் 1/60 நொடி அல்லது அதற்கும் குறைவு. மூச்சை முழுவதும் உள்ளே இழுத்த கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சு வெளியேறிய கணத்தில் எடுத்த படத்தில் காற்றுப்பைகள் சுருங்கி, ஈரல் வீங்கியதுபோல் ஏமாற்றும்.

படம் எடுக்கும் கணத்தில் அறையில் யாரும் பறவையைப் பிடித்திருக்கத் தேவையில்லாதபடி வேலையை அமைப்பதே சரி. தவிர்க்கவே முடியாதபோது ஈய அங்கியும் கையுறையும் போட்டு, தள்ளி நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிரின் அளவு நாலில் ஒன்றாகும்.

பூஞ்சை நோய்: படம் பிந்திச் சொல்லும் சேதி

வளர்ப்பு வல்லூறுகளைக் கொல்வதில் ஆஸ்பர்ஜில்லோசிஸுக்கு முன்வரிசை இடம் உண்டு. பூஞ்சணம் பிடித்த வைக்கோல், ஈர விரிப்பு, காற்றோட்டமில்லாத அறை ஆகியவற்றிலிருந்து ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. நுரையீரலிலும், அதிலும் பின்புறக் காற்றுப்பைகளிலும் குடியேறுகின்றன. குளிர்நாட்டு ஜிர் வல்லூறும் அதன் கலப்பினங்களும், பொன்கழுகும், கோஸ்ஹாக் எனப்படும் பெரிய வைரி இனமும் இதற்கு எளிதில் இரையாகும். வெளியே தெரியும் முதல் அறிகுறி மிகச் சிறியது. பறந்து வந்தபின் வழக்கத்தைவிட அதிக நேரம் இளைக்கும், அல்லது குரல் மாறும். தீனியில் குறை வைக்காமலேயே எடை இறங்கும்.

படத்தில் தேட வேண்டியவை இவை:

1. காற்றுப்பைச் சவ்வு. நலமான பறவையில் இது தெரியாது, தெரிந்தாலும் முடி போன்ற ஒரு கோடுதான். தடித்த வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அழற்சி. பக்கவாட்டுப் படத்தில் இதைப் பார்ப்பது எளிது.

2. இடம்-வலம் வேறுபாடு. ஒரு பக்கம் மங்கி, மறுபக்கம் கறுப்பாக இருப்பது.

3. நுரையீரலின் தேன்கூட்டு அமைப்பு. அது கரடுமுரடாகவோ, இடையிடையே வெளுத்தோ, உருண்டை உருண்டையாகவோ மாறியிருப்பது.

4. ஒரு காற்றுப்பை மட்டும் அளவுக்கு மீறி உப்பியிருப்பது. காற்று உள்ளே போய் வெளியே வர முடியாமல் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நான்கும் தெரிவதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும். சவ்வின்மேல் பூஞ்சை மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கும் காலத்தில் நிழல் விழும் அளவுக்குத் தடிப்பு இருக்காது. படம் சுத்தமாக இருக்கும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் குரல்வளையத்தில் மிளகளவு கட்டி ஒன்று வளர்ந்தால் அதுவே மூச்சை அடைத்துக் கொல்லப் போதும். சுற்றியுள்ள எலும்புகளின் நிழலில் அது மறைந்துவிடும். குரல் மாறியிருக்கிறது, படம் சுத்தம் என்றால், நம்ப வேண்டியது குரலை.

அதனால் அறிகுறி இருக்கும் பறவைக்குப் படத்தோடு நிறுத்தாமல் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்த்து, உள்நோக்கிக் குழாயால் காற்றுப்பையை நேரில் பார்க்கிறார்கள். பச்சையும் சாம்பலுமான பூஞ்சணத் திட்டை அதில் கண்ணாலேயே காணலாம், அங்கிருந்தே மாதிரி எடுக்கலாம். வளைகுடா வல்லூறுகளில் காற்றுப்பைக்குள் வாழும் செரட்டோஸ்பிகுலம் என்ற நூல் போன்ற புழுவும் சவ்வைத் தடிக்கச் செய்யும். புழுவா பூஞ்சையா என்று எக்ஸ்ரே சொல்லாது, உள்நோக்கி சொல்லும்.

அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, எந்தப் பக்கம் குழாயைச் செலுத்தினால் பயன், மயக்கத்தைத் தாங்கும் அளவுக்கு நுரையீரலில் இடம் மிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் படம்தான் காட்டும். வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தேவைப்படும். நோய் குணமான பிறகும் சவ்வில் தழும்புத் தடிப்பு தங்கலாம். முதல் படம் கோப்பில் இல்லாவிட்டால் இரண்டாவது படத்தின் கோடு பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. பறவை நலமாக இருக்கும்போதே, வேட்டைப் பருவத்துக்கு முன், ஒரு முழு உடம்புப் படம் எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஈயம்: தெரிந்தாலும் ஆபத்து, தெரியாவிட்டாலும் ஆபத்து

ஈயக் குண்டால் சுட்ட புறாவையோ முயலையோ தீனியாகப் போட்டால் குண்டின் துணுக்கு இரைப்பைக்குள் போகும். அந்த அமிலத்தில் ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும். கால்விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்வது, இறக்கை தொங்குவது, தலை சாய்வது, எச்சம் கரும்பச்சையாவது ஆகியவை அறிகுறிகள். எக்ஸ்ரேயில் இரைப்பைப் பகுதியில் பளிச்சென்ற புள்ளி தெரியும்.

இரண்டு படம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மல்லாந்த படத்தில் இடப்பக்க வயிற்றில், சரியாக இரைப்பையின்மேல் ஒரு வட்டப் புள்ளி. பக்கவாட்டுப் படத்தில் பார்த்தால் அது முதுகுத் தசையில் இருக்கிறது. எப்போதோ யாரோ சுட்ட குண்டு அது. தசையில் தங்கிய குண்டைச் சுற்றி நார்த்திசு மூடிவிடும், பெரும்பாலும் அது விஷமாவதில்லை. அதே புள்ளி இரண்டு படத்திலும் இரைப்பைக்குள் இருந்தால் அவசர சிகிச்சை. ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுத்தால், தேவையே இல்லாத பறவையின் வயிற்றைக் கழுவ நேரும். அல்லது தேவைப்படும் பறவையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

உலோகம் எது என்று எக்ஸ்ரே சொல்லாது. எஃகுக் குண்டும் ஈயக் குண்டும் ஒரே வெள்ளை. நசுங்கி ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது ஒரு குறிப்பு மட்டுமே.

படத்தில் உலோகமே இல்லை என்றால் ஈய விஷம் இல்லை என்று அர்த்தமா? இல்லை. துணுக்கு கரைந்து முடிந்திருக்கலாம். முந்தைய நாள் கக்கிய உருண்டையோடு வெளியே போயிருக்கலாம். தூள் தூளாக இருந்தால் கண்ணுக்குப் படாது. ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பதே தீர்ப்பு. டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்பது ஈயம் உடம்புக்குள் போயிருக்கிறது என்று கணக்கில் எடுக்கும் எல்லையாகப் பொதுவாக வைக்கப்படுகிறது. அறிகுறி தெளிவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் கால்சியம் ஈ.டி.டி.ஏ. ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். துணுக்கு உள்ளே இருக்கும்வரை விஷம் கலப்பது நிற்காது என்பதால் இரைப்பையைக் கழுவியோ, உள்நோக்கியால் பிடித்தோ அதை எடுக்க வேண்டும். எடுத்தபின் இன்னொரு படம் கட்டாயம். ஐந்து புள்ளி இருந்த இடத்தில் நான்கைத்தான் எடுத்திருக்கிறோம் என்பது அந்தப் படத்தில்தான் தெரியவரும்.

எலும்பு: தோள், இறக்கை, குஞ்சு

எலும்பு முறிவைக் காட்டுவதில் எக்ஸ்ரேக்கு நிகரில்லை. ஆனால் பறவையில் தவறவிடப்படும் ஒரு முறிவு உண்டு, தோளில். மார்பெலும்பையும் தோளையும் தாங்கி நிற்கும் தூண் போன்ற காரகாய்டு எலும்பு அது. கண்ணாடியிலோ கம்பியிலோ நேராக மோதிய பறவையில் இது முறியும். வெளியே காயம் இராது. இறக்கை லேசாகத் தொங்கும், அல்லது தொங்கவே செய்யாது. தரையில் நடக்கும், ஆனால் மேலெழும்பிப் பறக்காது. தொட்டுப் பார்த்தால் தடித்த மார்புத் தசைக்கு அடியில் எதுவும் பிடிபடாது. சாய்ந்த படத்தில் முறிவு மறையும் என்பதால் மேலே சொன்ன நேர்கோட்டுச் சோதனை இங்கேயும் உயிர்நாடி. சந்தேகம் தீராவிட்டால் கதிர்க்குழாயை வால் பக்கம் நகர்த்தி 45 டிகிரி சாய்த்து இன்னொரு படம் எடுக்கலாம். தோள் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பிரிந்து தெரியும். கண்டுபிடித்துவிட்டால் இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டி ஓய்வு கொடுத்தே பல பறவைகளைத் திரும்பப் பறக்கவைக்க முடிகிறது. கண்டுபிடிக்காமல் "சும்மா அடிபட்டிருக்கிறது" என்று அன்றே பறக்கவிட்டால் அது பட்டினியால் சாகும்.

இறக்கையின் முன்கையில் இணையாக ஓடும் இரண்டு எலும்புகளில் அல்னா மட்டும் முறிந்து ரேடியஸ் முழுதாக இருந்தால், ரேடியஸே கட்டையாக நின்று தாங்கும். கட்டுப் போட்டாலே போதும். மேல்கை எலும்பு முறிந்தால் தசை இழுத்து முனைகள் விலகும், தோலைக் கிழித்து வெளியே வரும். அதற்கு உள்ளே கம்பியும் வெளியே சட்டமும் இணைத்து நிறுத்தும் அறுவை தேவை. முறிவு மூட்டுக்குள் போயிருந்தால் திரும்பப் பறக்கும் வாய்ப்பு குறைவு என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆறும் எலும்பைப் படிப்பதில் ஒரு நுணுக்கம். அசையாமல் நிறுத்தப்பட்ட பறவை எலும்பு சுமார் 3 வாரத்தில் கையால் அசைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். படத்தில் கோடு மறைய அதைவிட நாள் ஆகும். கோடு தெரிகிறதே என்று கட்டுப் போடுவதை நீட்டித்துக்கொண்டே போனால் மூட்டு இறுகி, இறக்கையின் முன்மடல் தோல் சுருங்கி, எலும்பு சேர்ந்தும் பறக்க முடியாத நிலை வரும். டிஜிட்டல் படத்தில் உலோகக் கம்பியைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு ஒன்று விழுவதுண்டு. கணினி படத்தைக் கூர்மையாக்குவதால் வரும் கோளாறு அது. கம்பி தளர்ந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிவிடக் கூடாது. கூர்மையாக்கலைக் குறைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

குஞ்சுகளுக்கு வேறு கதை. எலும்பு நீக்கிய வெறும் கறியை ஊட்டி வளர்த்த குஞ்சுக்குக் கால்சியம் கிடைப்பதில்லை. தசையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எலும்பு மெலிந்து, கால் வளைந்து, பச்சைக் குச்சியைப்போல் மடங்கி முறியும். படத்தில் எலும்பும் தசையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும். எலும்பின் தாது கணிசமாக, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தபிறகே இந்த மங்கல் கண்ணுக்குத் தெரியும் என்பதால், தெரிந்த அன்றே தீனியை மாற்றியாக வேண்டும். எலும்போடு முழுச் சுண்டெலி, முழுக் காடை என்று உடம்பு முழுவதையும் கொடுப்பதுதான் மருந்து.

உள்ளங்கால் புண்

வழுவழுப்பான கடினத் தாங்கியில் நாள்முழுக்க நிற்கும் பறவை, அதிக எடையுள்ள பறவை, ஒரு கால் அடிபட்டு மறுகாலில் முழுப் பாரத்தையும் தாங்கும் பறவை ஆகியவற்றுக்கு உள்ளங்கால் தடித்து, வெடித்து, ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி புகும். பம்பிள்ஃபுட் என்பது இதுதான். வெளியே கறுப்புப் பொருக்கு ஒன்றுதான் தெரியும். அடியில் எலும்புவரை போயிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும்.

விரல்களை விரித்துத் தட்டின்மேல் ஒட்டி, மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றும் எடுக்க வேண்டும். இரண்டு காலையும் ஒரே தட்டில் எடுத்தால் ஒப்பிடலாம். பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறிய எக்ஸ்ரே இதற்கு மிக நன்றாக உதவும். தசை வீக்கம் மட்டும் இருந்தால் தாங்கியை மாற்றி, பாதத்துக்கு மெத்தை கட்டிக் குணமாக்க நிறைய வாய்ப்பு. எலும்பின் விளிம்பு அரித்த மாதிரி, எறும்பு கடித்த வெல்லக்கட்டிபோல் தெரிந்தாலோ மூட்டு இடைவெளி கலைந்திருந்தாலோ சிகிச்சை நீளும், முடிவும் நிச்சயமில்லை. கிருமி எலும்பில் புகுந்து 10 நாள் முதல் 2 வாரம் ஆனபிறகே அரிப்பு படத்தில் வரும். முதல் படம் சுத்தமாக இருந்து புண் ஆறாவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

நோய் போலத் தெரியும் இயல்புகள், படத்துக்கு எட்டாத நோய்கள்

முட்டையிடத் தயாராகும் பெட்டையின் நீள எலும்புகளுக்குள் கால்சியம் சேர்ந்து, படத்தில் எலும்பு முழுவதும் வெளுத்திருக்கும். ஓடு செய்ய உடம்பு போட்டுவைக்கும் சேமிப்பு அது, கட்டியோ எலும்பு நோயோ இல்லை. கண்ணைச் சுற்றித் தெரியும் எலும்பு வளையமும் பறவைக்கு இயல்பு. மார்புத் தசையில் அரிசி போன்ற ஒரு உருளை தெரிந்தால் அது அடையாளச் சில்லு (மைக்ரோசிப்). ஐக்கிய அரபு அமீரகத்தில் வல்லூறுகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் உண்டு. அதிலுள்ள எண்ணோடு ஒப்பிட இந்தச் சில்லு உதவும்.

படத்துக்கு எட்டாதவை பல. டெல்லியிலும் அகமதாபாத்திலும் மாஞ்சா நூலில் சிக்கி வரும் பருந்துகளில், எலும்பு முழுதாக இருந்தும் தசைநாண் அறுந்திருக்கும். எக்ஸ்ரே நன்றாகவே இருக்கும், இறக்கை வேலை செய்யாது. டைக்ளோஃபினாக் மருந்து கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. பொடி கண்ணுக்கு வெள்ளை, எக்ஸ்ரேக்கு அல்ல. சாதாரணப் படத்தில் அது தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் காட்டும். நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்கப் பாடுபடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பறவையைக் கொண்டுபோகிறவர் கேட்க வேண்டியவை

1. இரண்டு கோணத்திலும் எடுத்தீர்களா? மல்லாந்த படத்தில் முகடும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா?

2. படத்தின் மூலக் கோப்பு வேண்டும். திரையைச் செல்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாம்பலின் மெல்லிய வேறுபாடுகள் அழிந்துவிடும். காற்றுப்பைக் கோடு அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் மூலக் கோப்பு இல்லாமல் முடியாது.

3. "ஒன்றும் இல்லை" என்றால் எந்த நோய்க்கான அடையாளம் இல்லை? அந்த நோயை எக்ஸ்ரேயால் இந்தக் கட்டத்தில் பார்க்க முடியுமா? முடியாதென்றால் அடுத்த பரிசோதனை எது, எப்போது?

கூடவே கொண்டுபோக வேண்டியவை: கடைசி உணவின் நேரமும் அளவும், இறைச்சி எங்கிருந்து வந்தது, சுட்டதா வளர்த்ததா என்ற விவரம், ஒரு மாத எடைக் குறிப்பு, அன்று காலை கக்கிய உருண்டை. அந்த உருண்டையையும் படத்தட்டின் ஒரு மூலையில் வைத்து எடுக்கச் சொல்லலாம். பறவையின் வயிற்றில் இல்லாத ஈயத் துணுக்கு சில நேரம் அதில் இருக்கும்.